தட்டுக்கு அடியில் ஓர் ஆச்சரியம்!



அம்மாவுக்குப் பிறந்தநாள் வருகிறது. கையிலோ காசு இல்லை. என்ன செய்வீர்கள்? பழைய காலண்டர் அட்டையை வெட்டி, அதில் நாலு பூக்களை வரைந்து, கலர் அடித்துக் கொடுப்பீர்கள். நீங்கள் அதை மறுநாளே மறந்துவிடுவீர்கள். அம்மாவோ அதை பீரோவில், புடவை மடிப்புக்குள் பத்திரமாக வைத்திருப்பார்.

இப்படி வீட்டில் இருப்பவர்களுக்காகச் செய்த சின்னச் சின்னக் கைவேலைகளே ஒருவரை உலகப் புகழ் பெற வைத்தன என்றால் நம்புவீர்களா? அவர்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்ரிக்ஸ் பாட்டர். நீலக் கோட்டு போட்ட குறும்புக்கார முயல் 'பீட்டர் ராபிட்'டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்களே! அந்த முயலைப் படைத்தவர் இவர்தான்.

பள்ளிக்கூடம் போகாத சிறுமி

பீட்ரிக்ஸ் 1866-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி லண்டன் நகரில் பிறந்தாள். வசதியான குடும்பம்தான். ஆனாலும் அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தக் காலத்தில் பணக்கார வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியை வீட்டுக்கே வந்து பாடம் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அதனால் அவளுக்குத் தோழிகள் மிகக் குறைவு. அவளைவிட ஐந்தரை வயது இளையவனான தம்பி பெர்ட்ரம்தான் விளையாட்டுத் துணை.

வேறு துணை இல்லாவிட்டால் என்ன? அக்காவும் தம்பியும் முயல், எலி, தவளை, பல்லி, வௌவால், முள்ளெலி என்று ஒரு குட்டி மிருகக்காட்சி சாலையையே மாடி அறையில் வைத்திருந்தார்கள். வெறுமனே வளர்க்கவில்லை. மணிக்கணக்காக உட்கார்ந்து அவற்றைப் பார்த்தார்கள். பார்த்ததை வரைந்தார்கள். முயல் உட்காரும்போது பின்னங்கால் எப்படி மடிகிறது? காதை எப்போது நிமிர்த்துகிறது, எப்போது மடக்கிக்கொள்கிறது? எல்லாவற்றையும் கவனித்தார்கள்.

வரைய நோட்டு வேண்டுமே? கிடைத்த காகிதங்களைச் சேர்த்து, ஊசி நூலால் தைத்துத் தாங்களே சின்னச் சின்ன ஓவியப் புத்தகங்கள் செய்துகொண்டார்கள். பீட்ரிக்ஸ் 1875-ஆம் ஆண்டில், எட்டு வயதில் வரைந்த ஒரு புத்தகம் இன்றும் இருக்கிறது. அதில் கம்பளிப்புழுக்களை வரைந்திருக்கிறாள். அது மட்டுமல்ல, எந்தப் புழு எந்த இலையைத் தின்னும், எங்கே காணப்படும் என்றும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், செல்வங்களே! "எனக்கு வரையவே வராது சார்" என்று சொல்லும் மாணவர்களை என் ஆசிரியப் பணியில் நிறையப் பார்த்திருக்கிறேன். கையை மட்டும் குறை சொல்வார்கள். ஆனால், ஓவியத்தில் பாதி வேலை கண்ணுக்குத்தான். பொருளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பத்து கோடு போடுபவருக்குப் படம் சரியாக வராது. பத்துத் தடவை பார்த்துவிட்டு ஒரு கோடு போடுபவருக்கு வந்துவிடும். பீட்ரிக்ஸ் இரண்டாம் வகை.

ஆறு பவுண்டு செக்!

பீட்ரிக்ஸ் வளர்ந்து பெரியவர் ஆனார். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு ஆசை. சிறிய அச்சு இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும். அதன் விலை 16 பவுண்டு. அன்றைக்கு அது பெரிய தொகை.

1889-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வந்தது. பீட்ரிக்ஸ் தன் செல்ல முயல் பென்ஜமினை மாதிரியாக வைத்து வாழ்த்து அட்டைகள் வரைந்தார். வீட்டார் காலை உணவு சாப்பிடும் மேஜையில், ஒவ்வொருவர் தட்டுக்கும் அடியில் ஓர் அட்டையை ஒளித்து வைத்தார். தட்டைத் தூக்கியவர்களுக்கு எல்லாம் ஆச்சரியம்! அவருடைய அத்தையின் கணவர் சர் ஹென்றி ராஸ்கோ ஒரு பெரிய வேதியியல் அறிஞர். "இதை எந்தப் பதிப்பாளரும் வாங்கிக்கொள்வார்" என்று அவர் தைரியம் சொன்னார்.

முதலில் அனுப்பிய நிறுவனம் அட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. பீட்ரிக்ஸ் சோர்ந்து போய்விடவில்லை. 1890-இல் தம்பி பெர்ட்ரம் அவற்றை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துப் போனான். உடனே 6 பவுண்டுக்குச் செக் வந்துவிட்டது! அதுதான் அவருடைய முதல் சம்பாத்தியம்.

அந்த மகிழ்ச்சியில் அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? படத்துக்குப் 'போஸ்' கொடுத்த முயலுக்கு ஒரு கிண்ணம் நிறைய சணல் விதையைக் கொடுத்தார். அதைத் தின்ற முயல் மறுநாள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆட்டம் போட்டு, அவரை வரையவே விடவில்லையாம்!

மூடிய கதவு

அடுத்து அவருக்குக் காளான்கள் மீது ஆர்வம் வந்தது. நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து நூற்றுக்கணக்கான காளான் ஓவியங்களை வரைந்தார். காளான் வித்துகள் எப்படி முளைக்கின்றன என்று ஆராய்ந்து ஒரு கட்டுரையும் எழுதினார். 1897-இல் அந்தக் கட்டுரை லண்டனில் உள்ள லின்னேயன் சங்கத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. ஆனால் அவரால் அங்கே போக முடியவில்லை. காரணம், அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் அப்போது பெண்களுக்கு இடமில்லை!

பாடுபட்டவர் வெளியே; அவருடைய தாள் மட்டும் உள்ளே. எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்! சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1997-இல், பீட்ரிக்ஸ் பாட்டர் நியாயமாக நடத்தப்படவில்லை என்று அந்தச் சங்கமே ஒப்புக்கொண்டது. அவருடைய காளான் படங்களோ 1967-இலேயே காளான்களைப் பற்றிய ஒரு நூலில் அச்சாகிவிட்டன. கவனித்து வரைந்த கோடு வீண்போவதில்லை, பார்த்தீர்களா?

காய்ச்சல்காரப் பையனுக்கு ஒரு கடிதம்

இப்போது நாம் சற்றுப் பின்னால் போவோம். பீட்ரிக்ஸுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியைகளில் ஒருவர் ஆனி. திருமணமாகி, நிறையக் குழந்தைகளுக்குத் தாயானார். மூத்த பையன் நோயல். ஐந்து வயதில் அவன் உடல்நலமின்றிப் படுத்துவிட்டான்.

அவனைச் சிரிக்க வைக்க வேண்டுமே! 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி, பீட்ரிக்ஸ் அவனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதுவதற்குச் செய்தி எதுவும் இல்லை. அதனால் நான்கு முயல்குட்டிகளைப் பற்றி ஒரு கதையை எழுதி, நடுநடுவே பேனாவால் படமும் போட்டு அனுப்பினார். அம்மா சொல் கேட்காமல் தோட்டத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும் பீட்டர் பிறந்தது அந்தக் கடிதத்தில்தான்!

நோயல் அதைக் கிழிக்கவில்லை. கப்பல் செய்து விடவும் இல்லை. பத்திரமாக வைத்திருந்தான். சில ஆண்டுகள் சென்றபின், "இதைப் புத்தகமாகப் போட்டால் என்ன?" என்ற எண்ணம் வந்தபோது, பீட்ரிக்ஸ் அந்தக் கடிதத்தை அவனிடம் இரவல் கேட்டு வாங்கி, கதையை விரிவாக எழுதினார். சின்னப் பையன் ஒருவன் ஒரு காகிதத்தைப் பத்திரப்படுத்தியதால் உலகத்துக்கு ஒரு கதை கிடைத்தது!

பதிப்பாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. குழந்தைகளின் சின்னக் கைகளுக்கு ஏற்ற சின்னப் புத்தகமாக, குறைந்த விலையில் இருக்க வேண்டும் என்பதில் பீட்ரிக்ஸ் உறுதியாக நின்றார். கடைசியில், 1901 டிசம்பரில் தன் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டு, உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார். அதன் பிறகு ஒரு பதிப்பகம் முன்வந்தது. 1902 அக்டோபரில் வண்ணப் படங்களுடன் புத்தகம் வெளியானது. இன்றுவரை அது 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது!

பரிசும் பொம்மையும்

அதே 1901 கிறிஸ்துமஸுக்கு நோயலின் தங்கை ஃப்ரீடாவுக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் தன் கையாலேயே தையற்காரர் கதை ஒன்றை எழுதி, பன்னிரண்டு வண்ணப் படங்களையும் வரைந்து பரிசளித்தார். ஃப்ரீடாவும் உடல்நலமின்றி இருந்தவள். பிறகு அந்தக் கதை அச்சில் வந்தது. அதற்கான படங்களுக்காக அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்த பழங்காலப் பூ வேலைப்பாடு கொண்ட சட்டைகளைத் தையல் தையலாகப் பார்த்து வரைந்தார்.

1903-இல் பீட்டர் முயலைத் துணியில் தானே வெட்டித் தைத்துப் பொம்மை ஆக்கினார். பொம்மை விழாமல் நிற்பதற்காகப் பாதத்துக்குள் சிறிய ஈயக் குண்டுகளை வைத்தார். அந்தப் பொம்மையைத் தன் பெயரில் பதிவும் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு, தாயம் போல உருட்டி ஆடும் ஒரு விளையாட்டையும் பீட்டரை வைத்தே உருவாக்கினார்.

எல்லாவற்றையும்விட அழகானவை அவருடைய குட்டிக் கடிதங்கள். தன் கதைகளில் வரும் பிராணிகளே ஒருவருக்கொருவர் எழுதுவது போல உள்ளங்கை அளவுக் கடிதங்கள் எழுதி, மடித்து, தபால் தலையையும் வரைந்து, தெரிந்த குழந்தைகளுக்கு அனுப்புவார். ஆந்தையிடம் வாலைப் பறிகொடுத்த அணில், "என் வாலைத் தயவுசெய்து திருப்பித் தாருங்கள்" என்கிற பொருளில் பணிவாகக் கடிதம் போடும்!

கைவேலை காத்த நிலம்

புத்தகங்களில் வந்த பணத்தோடு அத்தை விட்டுச்சென்ற சிறு தொகையையும் சேர்த்து, 1905-இல் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 'ஹில் டாப்' என்ற பண்ணையை பீட்ரிக்ஸ் வாங்கினார். மலை, ஏரி, கல் சுவர், ஆட்டு மந்தை என்று அழகான ஊர் அது. பிறகும் பணம் சேரச் சேர, பக்கத்துப் பண்ணைகளையும் வாங்கினார். கட்டடங்கள் பெருகி அந்த இடம் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். அந்த ஊருக்கே உரிய 'ஹெர்ட்விக்' இன ஆடுகளை வளர்ப்பதிலும் கெட்டிக்காரர் ஆனார்.

1943 டிசம்பர் 22-இல் அவர் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை 'நேஷனல் டிரஸ்ட்' என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதி வைத்திருந்தார். ஏரி மாவட்டத்தை 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஒரு பையனைச் சிரிக்க வைக்க எழுதிய கடிதம் கடைசியில் மலைகளையும் ஆடுகளையும் காப்பாற்றியது!

நீங்களும் செய்யலாம்!

முதலில் தைத்த புத்தகம். ஒரு பக்கம் மட்டும் அச்சான ஆறு தாள்களை எடுத்து, ஒன்றாக அடுக்கிப் பாதியாக மடியுங்கள். மேலே பழைய காலண்டர் அட்டையை உறையாக வையுங்கள். மடிப்பில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று துளைகள் போட வேண்டும். இதற்கு மட்டும் பெரியவர்களின் உதவியைக் கேளுங்கள்.

கெட்டி நூல் கோத்த ஊசியை உள்ளிருந்து நடுத் துளை வழியாக வெளியே விடுங்கள். நூல் முனை கொஞ்சம் உள்ளேயே நிற்கட்டும். மேல் துளை வழியாக உள்ளே வாங்குங்கள். உட்பக்கமாகவே வந்து கீழ்த் துளை வழியாக வெளியே விடுங்கள். மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே வாங்குங்கள். உட்பக்கம் நீளமாகத் தெரியும் நூலுக்கு இருபுறமும் இரண்டு முனைகள் வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். புத்தகம் தயார்!

அதில் என்ன வரைவது? வீட்டில் கறிவேப்பிலை அல்லது எலுமிச்சைச் செடி இருந்தால், இலைகளைக் கவனித்துப் பாருங்கள். பறவை எச்சம் போல ஒரு குட்டிப் புழு உட்கார்ந்திருக்கலாம். அது பட்டாம்பூச்சியின் குழந்தை! வளர வளரப் பச்சையாக மாறும். பிடித்துத் துன்புறுத்தாமல், தினமும் அதே நேரத்தில் பார்த்து வரையுங்கள். தேதியையும், எந்த இலையைத் தின்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். செடியும் புழுவும் இல்லையா? வாசலில் வரும் அணில், சுவரில் இருக்கும் பல்லி, ஜன்னலில் உட்காரும் காகம் எல்லாம் உங்களுக்குப் 'போஸ்' கொடுக்கக் காத்திருக்கின்றன.

அடுத்தது குட்டிக் கடிதம். நோட்டுத் தாளில் கால் பாகத்தை எடுத்து எழுதி, மூன்றாக மடித்து, ஓரங்களைச் செருகிவிடுங்கள். அதுவே உறை. தபால் தலையை நீங்களே வரையலாம். யாருக்கு எழுதுவது? உடம்பு சரியில்லாத தாத்தா, விடுதியில் படிக்கும் அக்கா, பள்ளிக்கு வராத நண்பன்... யாராவது ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், வரையுங்கள். உலகத்துக்காக வரைய வேண்டும் என்று உட்கார்ந்தால் கை நடுங்கும். ஒரே ஒருவருக்காக என்று உட்கார்ந்தால் கை தானாக ஓடும். பீட்டர் முயலை பீட்ரிக்ஸ் அப்படித்தான் வரைந்தார்.

இன்னொன்று: தம்பி தங்கைகள் உங்களுக்கு ஏதாவது வரைந்து கொடுத்தால், நோயலைப் போலப் பத்திரமாக வையுங்கள்.

சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டு இட்லித் தட்டுகளுக்கு அடியில் என்ன வைக்கப் போகிறீர்கள்? இன்றைக்கே காகிதத்தையும் கலரையும் எடுத்துவிடுங்கள்!