தூரத்துக் கணிப்பொறிக்கு ஒரு கட்டளை



பெரும்பாலான சர்வர்களுக்கு மானிட்டரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஏ.சி. அறையில் அலமாரிபோல அடுக்கி வைத்திருப்பார்கள். அப்படியானால் அவற்றுக்கு யார், எங்கிருந்து கட்டளை கொடுக்கிறார்கள்? நம்மைப் போல ஒருவர், எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து கொடுக்கிறார். அதற்கு உதவும் புரோகிராம்தான் எஸ்.எஸ்.ஹெச்.

முன்பு இந்த வேலைக்கு டெல்நெட், ஆர்.எஸ்.ஹெச். போன்றவை இருந்தன. அவற்றில் நாம் அடிக்கும் எழுத்துகள் போஸ்ட் கார்டு மாதிரி திறந்தபடியே போகும். வழியில் இருப்பவர் பாஸ்வேர்டைக்கூடப் படித்துவிடலாம். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படித்தான் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டன. அங்கிருந்த டாட்டு யுலோனன் அதே ஆண்டில் எஸ்.எஸ்.ஹெச். எழுதினார். இதில் எல்லாமே பூட்டிய உறைக்குள் போகும். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள் இருக்க, நடுவில் காலியாக இருந்த 22 இதற்குக் கிடைத்தது. 1999-ல் ஓபன் எஸ்.எஸ்.ஹெச். இலவசமாக வந்தது. இன்று லினக்ஸில் மட்டுமல்ல, விண்டோஸிலும் இருக்கிறது.

முதல் தடவை ஒரு சர்வரோடு இணையும்போது அதன் 'கைரேகை'யைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு 'எஸ்' அடிக்காதீர்கள். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு, சரிபார்த்த பிறகு அடியுங்கள்.

ஒரே ஒரு கட்டளைதான் என்றால் உள்ளே போய் உட்கார வேண்டியதில்லை. முகவரிக்குப் பின்னால் அதே வரியில் கட்டளையை எழுதினால் போதும். வேலை அங்கே நடக்கும், விடை இங்கே வரும், இணைப்பு தானாக மூடிக்கொள்ளும்.

இங்கேதான் ரொம்ப கவனம் வேணும். இந்த வரியைப் பாருங்கள்:

எஸ்எஸ்ஹெச் யூசர்@சர்வர் சிடி பழசு; ஆர்எம் *

'பழசு' என்ற டைரக்டரிக்குள் போய் எல்லாவற்றையும் அழி என்பது எண்ணம். ஆனால் அரைப்புள்ளியை முதலில் பார்ப்பது நம்ம ஷெல். அது வரியை இரண்டாக வெட்டிவிடும். சிடி அங்கே நடக்கும். ஆர்எம் நம்ம கணிப்பொறியிலேயே நடக்கும்! நம்ம ஃபைல் எல்லாம் போச்சு. கட்டளை முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைத்தால்தான் அப்படியே சர்வருக்குப் போகும். அரைப்புள்ளிக்குப் பதில் && போடுவது இன்னும் நல்லது. 'பழசு' அங்கே இல்லாவிட்டால் ஆர்எம் ஓடாது.

கட்டளை வெற்றியா தோல்வியா என்று அறிய, அது திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் வெற்றி. இணைப்பே கிடைக்காவிட்டால் 255 வரும்.

பாஸ்வேர்டைவிட நல்லது சாவி. எஸ்எஸ்ஹெச்-கீஜென் என்று அடித்தால் ஒரு ஜோடி உருவாகும். ஒன்று பூட்டு மாதிரி. எத்தனை சர்வரில் வேண்டுமானாலும் மாட்டலாம். இன்னொன்று சாவி. அதை யாருக்கும், உயிர் நண்பனுக்கும்கூட, கொடுக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். விலை உயர்ந்த கணிப்பொறி வாங்க எங்களால் முடியாது. எஸ்.எஸ்.ஹெச்.சுக்கு அது தேவையும் இல்லை. லேபில் ஓரமாகக் கிடக்கும் பழைய கணிப்பொறியே போதும். கனமான வேலையைத் தூரத்து சர்வர் பார்த்துக்கொள்ளும். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களும் பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு கட்டளை பழகினால், டிப்ளமோ முடிப்பதற்குள் எந்த சர்வர் முன்னாலும் தைரியமாக நிற்கலாம்.

வாங்க, பழகுவோம்!