ஃபேன் சுற்றுகிறது... காற்று வருகிறதா?

வெயில் ஏற ஏற வீட்டில் தொடங்கும் முதல் சண்டை, `அந்த ஃபேனுக்கு அடியில் யார் படுப்பது?' என்பதுதான். `அஞ்சுல வெச்சாலும் காத்தே வரலை' என்று பாட்டி புலம்புவார். `புதுசு வாங்கிடலாம்' என்று கிளம்புவதற்கு முன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பழைய ஃபேனைப் பாருங்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல மெல்ல வேகம் குறைந்தால், பெரும்பாலும் கன்டென்சர்தான் காரணம். அதை மாற்ற ஆகும் செலவு, புது ஃபேன் விலையில் சிறு பங்குகூட வராது. இறக்கையின் முன் விளிம்பில் படிந்த தூசியும் காற்றைக் குறைக்கும். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால், தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும். சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஃபேன் ஆடுகிறதா? அதை அலட்சியப்படுத்தாதீர்கள். கொக்கி, போல்ட், அதில் செருகியிருக்கும் பின் ஆகியவற்றை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். அதன் அடியில்தான் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

அறைக்கு ஏற்ற அளவு

10-க்கு 12 அடி படுக்கையறைக்கு 1,200 மி.மீ., அதாவது 48 இன்ச் ஃபேன் சரியாக இருக்கும். சிறிய அறைக்கு 900 மி.மீ. போதும். நீளமான ஹாலுக்கு ஒரு பெரிய ஃபேனைவிட இரண்டு ஃபேன்கள் நல்லது. இறக்கை தரையிலிருந்து 8 அல்லது 9 அடி உயரத்திலும், கூரையிலிருந்து ஓர் அடியாவது தள்ளியும் இருக்க வேண்டும். கூரையை ஒட்டி மாட்டினால், மேலிருந்து இழுக்கக் காற்று கிடைக்காது.

பெட்டியில் எதைப் படிப்பது?

`எத்தனை ஆர்.பி.எம்.?' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். வேகமாகச் சுற்றுவதெல்லாம் அதிகக் காற்றைத் தந்துவிடாது. இறக்கையின் அகலமும் சாய்வும் முக்கியம். எனவே, `ஏர் டெலிவரி' என்ற எண்ணைப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதை அது சொல்லும். பக்கத்திலேயே எத்தனை வாட் என்பதையும் பாருங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம். ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு காற்று என்பதை வைத்தே அந்த ஸ்டார்கள் தரப்படுகின்றன.

பி.எல்.டி.சி. லாபமா?

சாதாரண ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். தினமும் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் முதலாவதுக்கு 54 யூனிட், இரண்டாவதுக்கு சுமார் 22 யூனிட். ஒரு ஃபேனிலேயே 32 யூனிட் மிச்சம்! கரன்ட் போனாலும் இன்வெர்ட்டரில் இரண்டு மடங்குக்கும் அதிக நேரம் ஓடும்.

ஆனால், தினமும் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் அறையில் மிச்சமாவது ஐந்து யூனிட்தான். அங்கே கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. நாள் முழுக்க ஆள் இருக்கும் அறையில் முதலில் மாற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது தாத்தா, பாட்டி இருக்கும் அறைதான். அவர்களுக்கு ரிமோட் பழக்கம் இல்லையென்றால், சுவரிலேயே வேகத்தை மாற்றும் வசதியுள்ள மாடலாகக் கேளுங்கள். சாதாரண ரெகுலேட்டரில் பி.எல்.டி.சி. ஃபேனை இணைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு பழுதாகலாம் என்பதால், வாரன்டி எத்தனை ஆண்டு, உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்பதையும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று...

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. நம் உடலின் வியர்வையை உலர்த்தித்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனால் யாருக்கும் பயனில்லை. அறையைவிட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஐந்து ஸ்டாரும் தராத மிச்சம் அது!