நான்கு தந்தி, ஒரு வில்

1968 நவம்பரில், லண்டன் தேவாலயம் ஒன்றில் பார் பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் தன்னந்தனியாக டபுள் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். வயலின் குடும்பத்திலேயே பெரிய வாத்தியம் அது. நின்றுகொண்டுதான் பெரும்பாலும் வாசிப்பார்கள். முன்னால் இசைக்குறிப்பு எதுவும் இல்லை. மேக்ஸ் ஷூபல் என்ற இசையமைப்பாளர் தம் மின்னணு இசைக்கு மூலப்பொருளாகப் பலவித ஒலிகளைக் கேட்டிருந்தார். பதிவைக் கேட்டதும் அவர் மனம் மாறிவிட்டது: இதைத் தொடவேண்டாம், இப்படியே இசைத்தட்டாக வரட்டும் என்றார். அமெரிக்காவில் ‘ஜர்னல் வியலோன்’ என்றும், மற்ற நாடுகளில் வேறு பெயர்களிலும் அது வெளிவந்தது. துணைக்கு யாருமின்றி, முழுக்க மனோதர்மமாக டபுள் பேஸில் வாசிக்கப்பட்ட முதல் இசைத்தட்டு என்று இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஜாஸ் குழுவில் பேஸ் வாசிப்பவருக்கு நெடுங்காலம் முக்கிய வேலை ஒன்றுதான்: தாளம் தவறாமல் அடிச்சுரங்களைப் போட்டுக்கொண்டே போவது. 1960களில் எழுந்த ஃப்ரீ ஜாஸ் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. அதன் பிறகு இந்த வாத்தியத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்க ஆட்களுக்கு நேரம் கிடைத்தது.

இருப்பது ஏராளம். கீழ்த்தந்தியை மீட்டினால் அது விநாடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். வாத்தியத்தின் மரப்பெட்டியால் அவ்வளவு நீண்ட அலையை வலுவாக வெளியே தள்ள முடியாது. நம்மை வந்தடைவதில் பெரும்பகுதி 82, 123, 164 ஹெர்ட்ஸ் என அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்கள்தான். அவற்றின் சீரான இடைவெளியிலிருந்து, அடியில் இருக்கவேண்டிய 41-ஐ நம் மூளை தானாகவே ஊகித்துக் ‘கேட்டு’விடுகிறது. நெஞ்சை அதிரவைக்கும் அந்த ஆழத்தில் பாதி நம் தலைக்குள் உருவாவது!

இந்த மேற்சுரங்களைத் தனித்தனியாகவும் வெளியே எடுக்கலாம். தந்தியை அழுத்தாமல், நடுவில் விரலால் லேசாகத் தொட்டால் மேல் ஸ்தாயி ஸட்ஜம். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் அதற்கும் மேலே பஞ்சமம். ஐந்தில் ஒரு பங்கில் காந்தாரம். ஏழில் ஒரு பங்கில் பிறக்கும் சுரமோ ஹார்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராது. வயலின் தந்தியின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். டபுள் பேஸில் சுமார் 105. வயலினில் நெருக்கியடித்துக் கிடக்கும் இந்தப் புள்ளிகள் இங்கே விரல் நடமாடும் அளவுக்கு விலகி நிற்கின்றன. ஆகவே மிகத் தாழ்ந்த குரல் கொண்ட வாத்தியம், குயில்போல உச்சத்திலும் பாடும்.

வில் இன்னும் விசேஷம். ரோசின் என்ற பிசின் தடவிய வில், தந்தியைப் பற்றி இழுக்கிறது, ஓர் இடத்தில் பிடி நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது. வில் படும்போது தந்தி வில்லாக வளைந்து அதிர்வதுபோலக் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அது எந்தக் கணத்திலும் ஏறக்குறைய இரண்டு நேர்கோடுகள்தான், நடுவில் கூரான ஒரு மடிப்பு. அந்த மடிப்பு ஓடிச் சுற்றி வில்லைக் கடக்கும் நேரத்தில்தான் பிடி நழுவுகிறது. இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே நுண்ணோக்கி வைத்துக் கண்டுபிடித்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

மடிப்பு ஒழுங்காகச் சுற்ற, வில்லின் அழுத்தம் ஓர் அளவுக்குள் இருக்கவேண்டும். கூடினால் கரகரப்பு, உறுமல். குறைந்தால் காற்றோசை, விசில். தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’க்கு அருகே போகப் போக இந்த அளவு மாறிக்கொண்டே வரும். இசைப் பள்ளிகளில் இதற்கு வெளியே போவது பிழை. பிலிப்ஸ் போன்றவர்கள் அந்த எல்லைக்கு வெளியேதான் குடியேறினார்கள். உறுமலிலிருந்து தெளிந்த சுரத்துக்கும், அங்கிருந்து விசிலுக்கும் ஒரே வீச்சில் அவர்கள் நகர்வதைக் கேட்கும்போது, பிழை என்று ஒதுக்கப்பட்டதெல்லாம் எவ்வளவு பெரிய சொத்து என்று வியப்பாக இருக்கிறது. என்னைக் கேட்டால், தனி டபுள் பேஸ் இசையின் உயிரே இந்த எல்லையில்தான் இருக்கிறது.

பிலிப்ஸ் தமது கடைசித் தனி இசைத்தொகுப்பான ‘எண்ட் டு எண்ட்’டை 2017-இல், 82 வயதில் பதிவுசெய்தார். 2024 டிசம்பரில் மறைந்தார். புதிதாகக் கேட்பவர்கள் முதலில் ‘எண்ட் டு எண்ட்’டைக் கேளுங்கள். பிறகு ‘ஜர்னல் வியலோன்’. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கி வேண்டாம், நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.