பிரேக்கைத் தின்னும் உப்பு!

இங்கிலாந்தில் ஜனவரி மாதம். காலை 7 மணி. இன்னும் பொழுது விடியவில்லை.

வீட்டு வாசலில் ஒரு பெரிய கார் நிற்கிறது. ரேஞ்ச் ரோவர். காலஞ்சென்ற எலிசபெத் ராணி தாமே ஓட்டிச் சென்ற ரகம். தோல் தைத்த ஆசனம், பளபளக்கும் மரப் பலகை, எல்லாம் இருக்கிறது. வயதுதான் கொஞ்சம் கூடிவிட்டது.

வீட்டுக்காரர் ஏறி உட்காருகிறார். இஞ்சின் ஓடுகிறது. பிரேக்கை மிதிக்கிறார். கால் மெத்தென்று உள்ளே போகிறது. மறுபடியும் மிதிக்கிறார். கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுவிடுகிறது!

இறங்கிப் பார்க்கிறார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், உறைபனி மீது, கையகலத்துக்கு ஈரம். தொட்டால் வழவழப்பாக இருக்கிறது.

பழைய ரேஞ்ச் ரோவர் வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு காலை வருவது உண்டு. வாசலிலேயே தெரிந்துவிட்டால் அவர் அதிர்ஷ்டசாலி. நெடுஞ்சாலையில், மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது தெரிந்தால்?

பென்சிலைவிட மெல்லிய குழாய்

சைக்கிளில் பிரேக் பிடித்தால் கம்பி இழுக்கிறது. காரில் கம்பி இல்லை. பிரேக் ஆயில் தள்ளுகிறது. காலால் ஒரு பக்கம் அழுத்தினால், அந்த அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போய்ச் சேருகிறது. அடைத்து வைத்த திரவத்தை அழுத்தினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பரவும் என்று பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 17-ம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னார். அதுதான் இது.

அந்தக் குழாய் எவ்வளவு பெரியது தெரியுமா? பெரும்பாலும் 4.75 மில்லிமீட்டர்தான் கனம். நம் பிள்ளைகள் எழுதும் பென்சிலைவிட மெலிது! குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சக்கரம் மேலும் கீழும் ஆடும் இடத்தில் மட்டும் இரும்புக் குழாய் நின்று, ரப்பர் குழாய் தொடங்கும். ரப்பரின் இரண்டு முனையிலும் இரும்புப் பூண் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

காரின் எடையோ சுமார் இரண்டரை டன். அதைப் பிடித்து நிறுத்துவது இந்த மெல்லிய குழாய்க்குள் இருக்கும் அழுத்தம்தான்.

வேகம் இரண்டு மடங்கு ஆனால், நிற்கத் தேவையான தூரமும் இரண்டு மடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. 30 மைல் வேகத்தில் பிரேக் பிடித்தால் 14 மீட்டரில் கார் நிற்கும். 60 மைல் வேகத்தில் 55 மீட்டர் வேண்டும். ஏறக்குறைய நான்கு மடங்கு! அதுவும் பிரேக் நன்றாக இருந்தால்தான்.

சாலையில் உப்பு!

குழாய் ஏன் ஓட்டையாகிறது? உப்பினால்.

குளிர்காலத்தில் அங்கே சாலையில் தண்ணீர் உறைந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். கார் வழுக்கும். உப்புக் கலந்த தண்ணீர் அவ்வளவு எளிதில் உறையாது. ஆகவே இரவோடு இரவாக லாரிகள் வந்து சாலை நெடுக உப்புத் தூவுகின்றன. ஸ்காட்லாந்தில் அந்த லாரிகளுக்கு மக்கள் வேடிக்கையான பெயர்கள் சூட்டிக் கொண்டாடுகிறார்கள்! உப்பும் கடல் உப்பு அல்ல. செஷயர் பகுதியில் வின்ஸ்போர்டு என்ற ஊரில், பூமிக்கு அடியில் உப்புப் பாறை இருக்கிறது. 1844-ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். இன்றும் வெட்டுகிறார்கள்.

மனிதர்களைக் காப்பாற்றத் தூவிய உப்பு, காரின் அடிவயிற்றில் தெறிக்கிறது. நம் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள். அதேதான் அங்கே காருக்கு அடியில் நடக்கிறது.

இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். ரப்பர் குழாயின் பூண் துருப்பிடித்துப் பருத்தால், உள்ளே இருக்கும் ரப்பரை நெரிக்கும். அப்போது ஒரு விசித்திரம் நடக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருக்கும். சக்கரம் சுடும். கார் ஒரு பக்கமாக இழுக்கும். கசிவுக்கு முன்னால் வரும் எச்சரிக்கை இது. பலர் டயரைக் குறை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

விலை இறங்கும், செலவு இறங்காது

ரேஞ்ச் ரோவர் முதலில் வந்தது 1970-ம் ஆண்டில். மூன்றாவது தலைமுறைக் கார்கள் 2012 வரை சோலிஹல் தொழிற்சாலையில் தயாராயின. (2008-ம் ஆண்டில் கம்பெனியையே நம் நாட்டு டாடா வாங்கிவிட்டது.) புதிதாக இருந்தபோது பணக்காரர் மட்டுமே வாங்கினார்கள். பத்துப் பதினைந்து வருஷம் ஆனதும் விலை மளமளவென்று இறங்கிவிடுகிறது. சாதாரணக் குடும்பத்துக்காரரும் ஆசைப்பட்டு வாங்குகிறார். ஆனால் உதிரிப் பாகத்தின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் காரோடு சேர்ந்து இறங்குவதில்லை. அங்கேதான் ஆபத்து. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள்.

2014-ம் ஆண்டில் அமெரிக்காவில், 2006 முதல் 2012 வரையிலான ரேஞ்ச் ரோவர் கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்தது. முன் சக்கர பிரேக்கின் ரப்பர் குழாய் கிழிந்து கசியலாம் என்பது காரணம். பழைய கார் வாங்குகிறவர், அந்தக் காருக்கு இந்த மாற்றம் செய்தாயிற்றா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

காருக்கும் பரீட்சை உண்டு

இங்கிலாந்தில் மூன்று வயது நிறைந்த காருக்கு ஆண்டுதோறும் பரீட்சை. 1960-ம் ஆண்டில் ஏற்பட்டது. அப்போது பத்து வயதான காருக்கு மட்டும்.

பிரேக் குழாயின் சுவரில் மூன்றில் ஒரு பங்கு துருவில் போய்விட்டால் கார் 'பெயில்'. ரப்பர் குழாயின் பூண் அதிகமாகத் துருப்பிடித்திருந்தாலும் அப்படியே. ஆயில் கசிந்தால் 'அபாயகரம்' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. பரீட்சை செய்பவர் மூடிகளைக் கழற்றிப் பார்ப்பதில்லை. மூடிக்கு மேலே, பெட்ரோல் டாங்குக்கு மேலே மறைந்து ஓடும் குழாயில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பாஸ் செய்த கார்தானே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. மெக்கானிக்கிடம் கேட்டு, மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

கசிந்தால் என்ன செய்வது?

ஓட்டக்கூடாது. ஆயிலை நிரப்பிக்கொண்டு "ஒர்க்‌ஷாப் வரைக்கும்தானே" என்று கிளம்பக்கூடாது. இந்தக் காலத்துக் கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனி வழிகள் உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் முழு பலம் இராது. லாரியில் ஏற்றித்தான் அனுப்பவேண்டும்.

டேப் சுற்றுவது, பற்றவைப்பது, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி ரப்பரை மாட்டுவது எதுவும் உதவாது. அழுத்திப் பிடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், டயரில் இருக்கும் காற்றைப்போலப் பல பத்து மடங்கு. ஒட்டுப்போட்டது தாங்குமா?

ஒரு குழாய் ஓட்டையானால், அதே மழையும் அதே உப்பும் பட்ட மற்றக் குழாய்கள் மட்டும் புதிதாகவா இருக்கும்? துரு செதில் செதிலாக உதிர்ந்தால் முழுக் குழாய்த் தொகுதியையும் மாற்றிவிடுங்கள் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு இலாகா 2015-ம் ஆண்டில் பழைய கார்க்காரர்களுக்குச் சொன்னது. ரப்பர் குழாயையும் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

மாற்றும்போது செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போடுவது நல்லது. அது துருப்பிடிக்காது. வால்வோ கம்பெனி 1976-ம் ஆண்டிலிருந்தே தன் கார்களில் போட்டது.

ஆயில் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். பெயர்தான் பிரேக் ஆயில். அது எண்ணெய் அல்ல. அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்! பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். பெயிண்டு மீது பட்டால் பெயிண்டு உரிந்துவிடும்.

புதுக் குழாய் மாட்டியதும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும். காற்று சுருங்கும்; அதனால்தான் மிதி மெத்தென்று போகிறது. இந்தக் காரில் அதற்குத் தனிக் கருவியும் தேவைப்படலாம். வீட்டில் செய்கிற வேலை அல்ல.

கடைசியாக, இஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பிரேக்கைப் பலமாக அழுத்திக்கொண்டு உட்காரவேண்டும். இன்னொருவர் விளக்கோடு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து வரவேண்டும். மிதி இறங்காமல் நின்று, எங்கும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால், காரைத் தெருவுக்குக் கொண்டுவரலாம்.