17 டாலர் கித்தார்!

குடித்துவிட்டு வரும் கணவனைக் கண்டித்துப் பாடினார். பிறர் கணவன்மீது கண் வைக்கும் பெண்ணை எச்சரித்துப் பாடினார். பிள்ளை பெற்றுப் பெற்றே அலுத்துப்போன மனைவியின் மனக்குமுறலைப் பாடினார்.

வீட்டுக்குள் வெளியே சொல்ல முடியாமல் பெண்கள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம், அவர் மேடையில் நின்று பாட்டாகச் சொன்னார்.

அவர்தான் லொரெட்டா லின். அமெரிக்காவின் "கன்ட்ரி" இசை உலகில் ராணியாக விளங்கியவர்.

"கன்ட்ரி" இசை என்பது அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், மலைக் கிராமங்களிலும் பண்ணைகளிலும் பிறந்த இசை. கித்தார், பிடில், பான்ஜோ ஆகியவை அதன் வாத்தியங்கள். காதல், பிரிவு, வறுமை, உழைப்பு, குடி இவையே அதன் பொருள். டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரம் அதன் தலைநகரம்.

சுவரில் இருந்த பெயர்

கென்டக்கி மாநிலத்தில் புச்சர் ஹாலோ என்று ஒரு மலைக் கிராமம். அங்கே ஒரு மரக் குடிசையில், 1932-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி லொரெட்டா பிறந்தார். மொத்தம் 8 குழந்தைகள். லொரெட்டா இரண்டாவது.

தகப்பனார் டெட் வெப், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. சுரங்க வேலையோடு, சிறிது விவசாயமும் செய்தார்.

குடிசைச் சுவரில் குளிர்காற்று புகாமல் இருக்க, தாயார் கிளாரா பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைப்பார். அவற்றில் சினிமா நட்சத்திரங்களின் படங்களும் இருந்தன. லொரெட்டா யங் என்ற நடிகையின் படமும் அதில் ஒன்று. அந்த நடிகையின் பெயரையே மகளுக்கு வைத்தார்!

பிறகு, பேட்டரியில் பாடும் ரேடியோ ஒன்று வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை இரவுகளில், நாஷ்வில்லில் இருந்து "கிராண்ட் ஓலி ஆப்ரி" என்ற பாட்டு நிகழ்ச்சி ஒலிபரப்பாகும். குடும்பமே உட்கார்ந்து கேட்கும். தம்பி தங்கைகளைத் தாலாட்டித் தூங்க வைப்பது லொரெட்டாவின் வேலை. அப்போது பாடிப் பாடியே குரல் பழகியது.

சர்க்கரைக்குப் பதில் உப்பு

பள்ளிக்கூடத்தில் ஒரு விழா நடந்தது. பெண்கள் செய்து வந்த இனிப்புப் பண்டங்களை ஏலம் விட்டார்கள். லொரெட்டா செய்த பண்டத்தை ஏலம் எடுத்தவர், பட்டாளத்தில் இருந்து திரும்பியிருந்த இளைஞர் ஆலிவர் லின். "டூலிட்டில்" என்பது அவருடைய பட்டப்பெயர்.

பண்டத்தை வாயில் வைத்தால், ஒரே கரிப்பு! சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டிருந்தார் லொரெட்டா. இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

உப்புக் கரித்தாலும் காதல் கரிக்கவில்லை. 1948 ஜனவரி 10-ந் தேதி திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 21. மணமகளுக்கு வயது 15. (தனக்கு 13 வயதிலேயே திருமணம் ஆனதாக லொரெட்டா எழுதினார். உலகமும் அதை நம்பியது. 2012-ம் ஆண்டு பிறப்புப் பதிவுகள் வெளியானபோதுதான் சரியான வயது தெரியவந்தது.)

அதே ஆண்டில், கர்ப்பிணியான மனைவியைக் கணவர் நாட்டின் மறுகோடிக்கு அழைத்துச் சென்றார். வாஷிங்டன் மாநிலத்தில் கஸ்டர் என்ற ஊர். பிறந்த ஊரில் இருந்து 2 ஆயிரம் மைல்களுக்கு அப்பால்! கணவர் மரம் வெட்டினார். மனைவி பிறர் வீட்டில் வேலை செய்தார். தோட்டத்தில் பழம் பறித்தார். சில ஆண்டுகளுக்குள் 4 குழந்தைகளுக்குத் தாயானார்.

கணவர் கொடுத்த பரிசு

வீட்டு வேலை செய்யும்போதும், குழந்தைகளைத் தூங்க வைக்கும்போதும் மனைவி பாடுவதை டூலிட்டில் கவனித்தார். ரேடியோவில் பாடுகிறவர்களுக்கு இவள் குறைந்தவள் அல்ல என்று நினைத்தார்.

1953-ல் மனைவிக்கு ஒரு கித்தார் வாங்கிக் கொடுத்தார். விலை 17 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 80 ரூபாய்.

லொரெட்டாவுக்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே தடவித் தடவி வாசிக்கக் கற்றார். பாட்டும் எழுதத் தொடங்கினார். கூச்சப்பட்ட மனைவியை, கணவர்தான் வற்புறுத்தி மேடை ஏற்றினார்.

டகோமா நகரில், பக் ஓவன்ஸ் என்ற பாடகர் டெலிவிஷனில் நடத்திய போட்டியில் லொரெட்டா வென்றார். பரிசு ஒரு கைக்கடிகாரம். அந்த நிகழ்ச்சியைப் பார்த்த செல்வர் ஒருவர், இசைத்தட்டு எடுக்கப் பணம் கொடுத்தார். 1960-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பாட்டை எழுதியவரும் லொரெட்டாவே.

காரில் படுக்கை

இசைத்தட்டு வந்தால் போதுமா? ரேடியோவில் வைக்க வேண்டுமே!

கணவனும் மனைவியும் பழைய காரில் ஏறினார்கள். வழியில் கண்ட ரேடியோ நிலையத்தில் எல்லாம் இறங்கினார்கள். "இந்தத் தட்டை வையுங்கள்" என்று கேட்டார்கள். ரொட்டியைத் தின்று, காரிலேயே படுத்து, ஊர் ஊராகச் சென்றார்கள்.

பலன் கிடைத்தது. நாட்டில் அதிகம் விரும்பப்பட்ட "கன்ட்ரி" பாட்டுகளின் வரிசையில் அந்தப் பாட்டு 14-வது இடத்தைப் பிடித்தது.

1960 அக்டோபர் 15-ந் தேதி, "கிராண்ட் ஓலி ஆப்ரி" மேடையில் லொரெட்டா பாடினார். சிறு வயதில் குடிசையில் உட்கார்ந்து கேட்ட அதே நிகழ்ச்சி!

மகள் பாடியதைக் கேட்கத் தகப்பனார் இல்லை. சுரங்கத்தில் உழைத்து நுரையீரல் கெட்டிருந்த அவர், 1959-லேயே இறந்துவிட்டார்.

தோழி கொடுத்த தைரியம்

அப்போது புகழின் உச்சியில் இருந்த பாடகி பேட்சி கிளைன். 1961-ல் அவர் கார் விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்குக் காணிக்கையாக, அவருடைய பாட்டு ஒன்றையே லொரெட்டா ரேடியோவில் பாடினார். அதைக் கேட்ட பேட்சி, லொரெட்டாவை அழைத்து வரச் சொன்னார். நட்பு மலர்ந்தது.

மேடையில் எப்படி நிற்பது, எப்படி உடுத்துவது என்று எல்லாம் பேட்சி கற்றுக் கொடுத்தார். தன் உடைகளையும் கொடுத்தார்.

1963 மார்ச் 5-ந் தேதி விமான விபத்தில் பேட்சி இறந்தார். அடுத்த ஆண்டு லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அதில் ஒன்றுக்குப் பேட்சி என்றே பெயர் வைத்தார்.

வீட்டுக் கதையே பாட்டு

ஒரு நாள், நிகழ்ச்சிக்கு முன் ஒரு பெண் லொரெட்டாவிடம் வந்து அழுதாள். தன் கணவன் வேறொருத்தியுடன் வந்திருப்பதாகச் சொன்னாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று லொரெட்டா அந்த மற்றவளைப் பார்த்தார். "உன் கணவனைப் பறிக்க இவளுக்கு ஏது தகுதி?" என்ற பொருளில் ஆறுதல் சொன்னார். அந்தப் பதிலே அவருக்குப் பாட்டாயிற்று. 1966-ல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது.

தன் சொந்த வீட்டையும் அவர் விட்டு வைக்கவில்லை. டூலிட்டில் குடிப்பவர். பிற பெண்களிடமும் சென்றவர். குடித்துவிட்டுக் கொஞ்ச வராதே என்று கணவனை விரட்டும் பாட்டு ஒன்றை, தங்கையுடன் சேர்ந்து லொரெட்டா எழுதினார். 1967-ல் அது முதலிடம் பெற்றது. முதலிடம் பெற்ற அவருடைய முதல் பாட்டு அதுதான்!

வியட்நாம் யுத்தத்துக்குக் கணவனை அனுப்பிய மனைவிக்காகவும் பாடினார். விவாகரத்து ஆன பெண்ணை ஊர் எப்படிக் கேவலமாகப் பார்க்கிறது என்றும் பாடினார்.

1975-ல் வெளியான ஒரு பாட்டு பெரிய புயலையே கிளப்பியது. கருத்தடை மாத்திரை பற்றிய பாட்டு அது. வேறு சிலர் எழுதியது. பல ரேடியோ நிலையங்கள் அதை வைக்க மறுத்தன. பாதிரியார்கள் கண்டித்தார்கள். ஆனாலும் பாட்டு பரவியது. கிராமத்து டாக்டர்கள் தன்னைப் பாராட்டியதாக லொரெட்டா சொன்னார்.

சினிமாப் படம்

1970-ல் வந்த பாட்டுதான் அவருடைய பாட்டுகளில் சிறந்தது என்று சொல்வார்கள். அதன் பெயர் "நிலக்கரித் தொழிலாளியின் மகள்". குடிசை, தகப்பனாரின் சுரங்க வேலை, துணி துவைத்துத் துவைத்துத் தாயாரின் விரல் புண்ணானது, எல்லாம் அதில் வருகின்றன. ஏழ்மையை மறைக்காமல், பெருமையோடு சொன்னார். அதுவும் முதலிடம் பெற்றது.

1976-ல் அதே பெயரில் சுயசரிதை வந்தது. 1980-ல் அது சினிமாப் படம் ஆயிற்று. லொரெட்டாவாக நடித்த சிசி ஸ்பேசெக், சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு பெற்றார்.

"கன்ட்ரி" இசைச் சங்கம் ஆண்டுதோறும் தலைசிறந்த கலைஞர் ஒருவருக்குப் பரிசு கொடுக்கிறது. 1972-ல் அதைப் பெற்றார் லொரெட்டா. அந்தப் பரிசு ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

துயரமும் வந்தது

புகழ் வந்தபோது துயரமும் வந்தது. 1984-ல் மூத்த மகன் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

கணவனுக்கும் மனைவிக்கும் ஓயாத சண்டை. கணவர் ஒரு அடி அடித்தால் தான் இரண்டு அடி திருப்பிக் கொடுத்ததாக லொரெட்டா சொல்லியிருக்கிறார். இருந்தும் அவர்கள் பிரியவில்லை. அவர் இல்லாவிட்டால் தன் பாட்டுத் தொழிலே இல்லை என்றும் லொரெட்டா ஒப்புக்கொண்டார். கணவர் நோயில் விழுந்தபோது, கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டு பணிவிடை செய்தார். 1996-ல் டூலிட்டில் இறந்தார்.

இந்த வாழ்க்கையைப் பார்த்து, பெண்கள் எதையும் பொறுத்துப் போக வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். லொரெட்டா பொறுத்தார். ஆனால் வாயை மூடிக்கொண்டு பொறுக்கவில்லை. தவறைத் தவறு என்று ஊரறியச் சொன்னார். அவர் காலத்துப் பெண்கள் அவரைக் கொண்டாடியது அதற்காகத்தான்.

72 வயதில் வெற்றி

2004-ல், தன்னைவிட 43 வயது இளையவரான ஜாக் வைட் என்ற இசைக் கலைஞருடன் சேர்ந்து புதிய இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது லொரெட்டாவுக்கு வயது 72. அதற்கு 2 கிராமி பரிசுகள் கிடைத்தன!

2013-ல் ஜனாதிபதி ஒபாமா, அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அவருக்கு அணிவித்தார்.

2022 அக்டோபர் 4-ந் தேதி, டென்னசியில் உள்ள தன் பண்ணை வீட்டில், 90-வது வயதில் லொரெட்டா காலமானார்.

அந்தப் பண்ணையில், தான் பிறந்த குடிசையைப் போலவே ஒரு குடிசை கட்டி வைத்திருந்தார். ரசிகர்கள் வந்து பார்ப்பார்கள்.

அவர் அதிகம் படித்தவர் அல்ல. சங்கீதம் பயின்றவரும் அல்ல. தான் பட்டதை, தனக்குத் தெரிந்த சொற்களில், உள்ளது உள்ளபடி எழுதினார். கேட்ட பெண்களுக்கு அது தங்கள் கதையாகவே இருந்தது.