பளுவைக் கூட்டும் முன் கேள்வி கேட்கிறாரா உங்கள் பயிற்றுநர்?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் கோத்தா திங்கி இளையர்கள் பலருக்கு மூன்று காரியங்கள் வரிசையாகக் காத்திருக்கும்: வாகன லைசென்ஸ் எடுப்பது, பகுதிநேர வேலை தேடுவது, ஜிம்மில் சேர்வது. உயர்கல்விக்கூடங்களிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் அண்ணன் அக்காள்மாரும் அதே ஜிம்முக்குத்தான் வருகிறார்கள். மாதக் கட்டணத்தைக் கட்டிய மறுநாளே, "தனிப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றே மாதத்தில் ஆளே மாறிவிடுவீர்கள்" என்று ஒருவர் அருகில் வந்து நிற்பார். அவருடைய தோளும் புஜமும் சட்டைக்குள் அடங்காமல் இருக்கும். அதைப் பார்த்ததும் நம் மனம் பாதி சம்மதித்துவிடும்.

அந்தப் புஜம் ஒன்றைத்தான் சொல்கிறது: அவர் தம் உடலை வளர்த்துக்கொள்ளத் தெரிந்தவர். உங்கள் உடலை வளர்க்கத் தெரிந்தவரா என்பதை அது சொல்லாது. நன்றாகப் பாடுகிறவர் எல்லாரும் நல்ல இசையாசிரியராக இருப்பதில்லையே! பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தை ஒருவரிடம் கொடுக்கிறோம். அதைவிட மேலாக, நம் முதுகெலும்பையும் முழங்காலையும் அவர் பொறுப்பில் விடுகிறோம். ஆகவே நல்ல பயிற்றுநரையும் மோசமான பயிற்றுநரையும் பிரித்தறியும் அறிவு மாணவர்களுக்குத் தேவை.

ஏன் இந்த அக்கறை?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைக்க வேண்டும், வாரத்தில் குறைந்தது 3 நாள் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், 2 நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். நீரிழிவு நம் இந்தியக் குடும்பங்களில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனவே ஓர் இளையர் ஜிம்முக்குப் போவது நல்ல செய்தி.

"இந்த வயதில் பளு தூக்கினால் உயரம் நின்றுவிடும்" என்று வீட்டில் பாட்டி எச்சரிக்கலாம். முறையான மேற்பார்வையில், சரியான நுணுக்கத்தோடு செய்யும் பளுப் பயிற்சி பதின்ம வயதினருக்கும் பாதுகாப்பானதே என்பது குழந்தை மருத்துவர்களின் இன்றைய நிலைப்பாடு. ஆனால் அந்த வாக்கியத்தில் 'மேற்பார்வை' என்ற சொல்தான் முக்கியம். மேற்பார்க்கிறவர் சரியில்லை என்றால் பாட்டி பயப்படுவதிலும் நியாயம் உண்டு.

முதல் நாள் என்ன நடக்கிறது?

நல்ல பயிற்றுநர் முதல் நாளில் அதிகம் பேசமாட்டார், கேட்பார். கனடாவில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் ஏழு கேள்விப் படிவம் ஒன்று உண்டு. இதயக் கோளாறு இருப்பதாக மருத்துவர் சொன்னாரா? உடலை வருத்தும்போது நெஞ்சு வலிக்கிறதா? தலைச்சுற்றல், மயக்கம் வருகிறதா? எலும்பிலோ மூட்டிலோ தொல்லை உண்டா? மருந்து உட்கொள்கிறீர்களா? இப்படிப் போகும் அந்தக் கேள்விகள். 'ஆம்' என்று ஒரு பதில் வந்தாலும், முதலில் மருத்துவரைப் பார்த்து வரச் சொல்வதே முறை. அதோடு உங்கள் தூக்கம், சாப்பாடு, ஆஸ்துமா, பழைய காயம், நீங்கள் பள்ளிக்கு விளையாடும் விளையாட்டு ஆகியவற்றையும் அவர் விசாரிப்பார்.

பிறகு உங்களை அசைய வைத்துப் பார்ப்பார். எடை ஏதுமின்றி உட்கார்ந்து எழும்போது முழங்கால் உள்ளே மடிகிறதா, குனியும்போது முதுகு வளைகிறதா, கையைத் தலைக்கு மேல் முழுவதும் தூக்க முடிகிறதா என்று கவனிப்பார். ஆண்களுக்கான நீண்ட இரும்புத் தண்டு மட்டுமே 20 கிலோ. பெண்களுக்கானது 15 கிலோ. புதியவருக்கு அந்த வெறும் தண்டே பெரும் பளு. சிலம்பம் கற்றவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆசான் எடுத்த எடுப்பிலேயே கம்பைச் சுழற்றவிடமாட்டார். காலடி நிலைக்க வேண்டும் என்பார்.

மோசமான பயிற்றுநருக்கு இதற்கெல்லாம் பொறுமை இருக்காது. முதல் நாளே தண்டின் இரு பக்கமும் இரும்புத் தட்டுகளை மாட்டிவிடுவார். நேற்று வந்த ஐம்பது வயதுக்காரருக்குக் கொடுத்த அதே அட்டவணையைப் பதினேழு வயது உங்களுக்கும் கொடுப்பார்.

குறிப்பேடு சொல்லும் சேதி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், முழங்கால் காயத்தால் தொடைத் தசை மெலிந்துபோன சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். இளமையில் நோயால் நலிந்த தம் உடலைப் பளு தூக்கித் தேற்றிக்கொண்டவர் அவர். ஒவ்வொரு சிப்பாயும் பத்து முறை தூக்கக்கூடிய எடை எவ்வளவு என்று அளந்தார். தசை வலுவடைய வலுவடைய எடையைப் படிப்படியாகக் கூட்டினார். 1945இல் இந்த முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1948இல் சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து அதைச் செம்மைப்படுத்தினார்: பத்து முறை தூக்கக்கூடிய எடையில் முதலில் பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழு எடை, ஒவ்வொன்றிலும் பத்து முறை. இன்று ஜிம்களில் கேட்கும் 'பத்து முறை, மூன்று சுற்று' என்ற வழக்கத்தின் வேர் இதுதான்.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று. டிலோர்ம் முதலில் அளந்தார்; அளந்ததை வைத்துத்தான் கூட்டினார். அதனால்தான் நல்ல பயிற்றுநரின் கையில் எப்போதும் ஒரு குறிப்பேடோ கைப்பேசிப் பதிவோ இருக்கும். போன வாரம் 20 கிலோவில் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள், இந்த வாரம் இரண்டரை கிலோ கூட்டலாமா என்ற கணக்கு அதில் இருக்கும். "போன வாரம் எவ்வளவு தூக்கினேன்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறினால், அவர் உங்களுக்குப் பயிற்சி தரவில்லை. பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

சென்னையும் வேலூரும் காட்டும் பாடம்

கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சங்கர் பாசுவைத் தெரிந்திருக்கும். சென்னையைச் சேர்ந்த இந்த உடற்பயிற்சி வல்லுநர் ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல் போன்றோருக்குப் பயிற்சி அளித்தவர்; 2015 முதல் 2019 உலகக் கிண்ணப் போட்டி வரை இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்தார். விராட் கோலி அவரிடம் வந்தபோது ஏற்கெனவே கட்டுக்கோப்பான உடலோடுதான் இருந்தார். ஆனால் மட்டையாளருக்குத் தேவை கண்ணாடியில் தெரியும் தசை மட்டும் இல்லையே! நொடிப்பொழுதில் பாயும் வேகமும் வேண்டும். பளுதூக்கும் வீரர்கள் செய்யும் தூக்குகளை பாசு அவருக்குக் கற்றுக்கொடுத்தார். தம் ஆட்டத்தில் அது கொண்டுவந்த மாற்றத்தைக் கோலியே பல முறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பயிற்சி, ஆளின் தேவையைப் பார்த்துத் தைத்த சட்டையாக இருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இன்னொரு சான்று வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம். முன்னாள் இராணுவ வீரரும் பளுதூக்குபவருமான தந்தையே அவருக்கு முதல் ஆசான். 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியிலும் 2018 கோல்ட் கோஸ்ட் போட்டியிலும் தங்கம் வென்றார். கிளாஸ்கோவில் அவர் தூக்கியது மொத்தம் 328 கிலோ. தொடைக் காயத்தோடு போன கோல்ட் கோஸ்டில் 317 கிலோ. அங்கே தங்கம் உறுதியானதும் தம் கடைசித் தூக்கை அவர் எடுக்கவே இல்லை. உலக அரங்கில், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'இன்று இது போதும்' என்று நிறுத்த முடிகிறது. நம் ஊர் ஜிம்மில் "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று கத்தும் பயிற்றுநர் இதை யோசிக்க வேண்டும்.

வலியைப் பெருமையாக்குகிறவர்

புதிய பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் தசை வலிப்பது இயல்பு; பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தணிந்துவிடும். ஆனால் வலி, நல்ல பயிற்சிக்கு அளவுகோல் ஆகாது. மூட்டில் ஊசி குத்துவதுபோல் வலித்தால் நல்ல பயிற்றுநர் உடனே நிறுத்திவிடுவார். மாணவர் வாந்தி எடுத்ததைப் படம் பிடித்துப் பெருமையாகப் பகிர்கிறவர் ஆபத்தானவர்.

முதல் நாளிலேயே அளவுமீறிப் பிழிந்தெடுத்தால் தசை நார்கள் சிதைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். தசை வீங்கி, கைகாலை அசைக்க முடியாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் ஊர் வெப்பத்தில், குளிர்சாதனம் இல்லாத கூடத்தில், தண்ணீர் குடிக்க விடாமல் வேலை வாங்கினால் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

டப்பாவும் ஊசியும்

பயிற்சியைவிட மாவு டப்பா விற்பதில் ஆர்வம் காட்டுகிறவரிடம் எச்சரிக்கை தேவை. முட்டை, மீன், கோழி, பருப்பு, டெம்பே ஆகியவை தரும் புரதமும் புரதம்தான். 'சீக்கிரம் ஏறிவிடும்' என்று மாத்திரையோ ஊசியோ நீட்டினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வெளியேறுங்கள். தசை வளர்க்கும் ஸ்டிராய்டு மருந்துகள் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவை. அவற்றை ஜிம்மில் விற்க யாருக்கும் உரிமை இல்லை. வளரும் வயதில் இவற்றை எடுத்துக்கொண்டால் எலும்பு முனையில் உள்ள வளர்ச்சிப் பகுதி முன்கூட்டியே மூடிக்கொள்ளக்கூடும். பாட்டி பயந்த உயரக் குறைவு இப்படித்தான் வரும். கல்லீரல், இதயம், மனநிலை ஆகியவையும் பாதிக்கப்படும்.

தம் எல்லையை அறிந்திருப்பது நல்ல பயிற்றுநரின் குணம். நீரிழிவு உள்ளவருக்கு உணவுப் பட்டியல் எழுதித் தரமாட்டார். உணவியல் நிபுணரிடம் அனுப்புவார். முதுகு வலிக்குத் தாமே சொடக்கு எடுக்கமாட்டார். மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்.

தொடும் முன் கேட்க வேண்டும்

மாணவிகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும், மாணவர்களும்தான். நிலையைத் திருத்த உடலைத் தொட வேண்டியிருந்தால், நல்ல பயிற்றுநர் முதலில் அனுமதி கேட்பார். பெரும்பாலும் தாமே செய்துகாட்டியோ வாயால் சொல்லியோ திருத்திவிடுவார். உடலைக் கேலி செய்வது, அனுமதியின்றிப் படம் எடுப்பது, இரவில் தேவையற்ற குறுஞ்செய்தி அனுப்புவது ஆகிய எதையும் 'ஜிம்மில் இதெல்லாம் சகஜம்' என்று ஏற்க வேண்டாம். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

சான்றிதழைக் கேட்பது மரியாதைக் குறைவா?

இல்லவே இல்லை. தகுதி உள்ளவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். நம் நாட்டில் பயிற்றுநர்களுக்கான விளையாட்டு அறிவியல் சான்றிதழ்கள் உள்ளன. 1954இல் தொடங்கிய அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி போன்ற அனைத்துலக அமைப்புகளும் தேர்வு நடத்திச் சான்றளிக்கின்றன. எந்தச் சான்றிதழ் என்றாலும், இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவி அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்களே, இது உங்கள் தொழிலாகவும் ஆகலாம். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கிரியான் வளாகம் ஆகியவற்றில் விளையாட்டு அறிவியல் படிக்கலாம். உயிரியலும் வேதியியலும் உங்களுக்கு அங்கே கைகொடுக்கும்.

பணம் கட்டும் முன்

ஒரு வருட ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு மாலை ஜிம்மில் ஓரமாக நின்று, அவர் மற்றவர்களுக்குப் பயிற்சி தருவதைப் பாருங்கள். அவர் கண் பளு தூக்குகிறவர் மேல் இருக்கிறதா, கைப்பேசியில் இருக்கிறதா? 'ஏன் இந்தப் பயிற்சி?' என்று கேட்டால் காரணம் சொல்கிறாரா, 'நான் சொல்வதைச் செய்' என்கிறாரா? ஓரிரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

தனிப் பயிற்சிக்கு வசதி இல்லை என்றாலும் குறை ஒன்றுமில்லை. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் கட்டணம் கிடையாது. கோத்தா திங்கி நீர்வீழ்ச்சியை அடுத்து நிற்கும் முந்தாஹாக் மலை 600 மீட்டருக்கு மேல் உயரம். தக்க துணையோடு ஏறி இறங்கினால் தொடை நன்றாகவே வேலை செய்யும்.

பயிற்றுநரிடம் சேர்ந்தவர்கள் மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அவர் இல்லாமல் தனியாகப் பயிற்சி செய்து பாருங்கள். எதை, எவ்வளவு, எப்படித் தூக்குவது, எப்போது நிறுத்துவது என்பது உங்களுக்கே தெரிந்திருந்தால் கொடுத்த பணம் வீண்போகவில்லை. ஒன்றுமே தெரியாமல் விழித்து நின்றால், அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டும் முன் வேறு பயிற்றுநரைத் தேடுங்கள்.