வீட்டு முற்றத்தில் ஒரு விமானம்



திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை போகும் வீதியில் நிலாவெளி, குச்சவெளி கடந்தால் திரியாய் வருகிறது. கிழக்கே கடல், மேற்கே வயலும் காடும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் கரை இது. இங்கே நாற்பது வயதைத் தாண்டிய ஒரு தாயிடம் விமானச் சத்தத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடிய கதையைத்தான் சொல்வார். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு வீசின. 1985 இல் திரியாய் மக்கள் ஊரையே விட்டு இடம்பெயர்ந்தார்கள். 2009 இல் யுத்தம் முடியும்வரை வானத்திலிருந்து வரும் சத்தம் என்றாலே இந்தக் கரைக்கு நடுக்கம்தான்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை வந்து, "உம்மா, நான் ஒரு பிளேன் செய்யப் போறேன்" என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? சிரிப்பீர்களா? ஏசுவீர்களா? பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

ஊசியும் நூலும்

விமானம் பெரிய தொழிற்சாலையில்தான் பிறக்கும் என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1900 இல் கிட்டி ஹாக் என்ற கடற்கரைக் கிராமத்துக்குத் தங்கள் முதல் கிளைடருடன் போன வில்பர் ரைட், இறக்கைத் துணியைத் தைக்க அந்த ஊர்த் தபாலதிபர் வீட்டுப் பெண்மணியின் தையல் மெஷினைத்தான் இரவல் வாங்கினார். சோதனை முடிந்து கைவிட்ட அந்தத் துணியில், அப்பெண்மணி தன் இரு மகள்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்! 1903 இல் மனிதனைச் சுமந்து பறந்த விமானத்தின் இறக்கைக்குப் போர்த்தியதும் மஸ்லின் துணிதான். முதலாம் உலக யுத்த காலத்தில் விமான இறக்கைகளுக்குத் துணி தைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இன்றும் துணி போர்த்திய சிறு விமானங்கள் உண்டு. இறக்கையின் ஒவ்வொரு விலா எலும்புச் சட்டத்தோடும் துணியை மெழுகு பூசிய நூலால் இழுத்துத் தைத்து, தையலுக்குத் தையல் முடிச்சிடுகிறார்கள். முடிச்சு தளர்ந்தால் காற்று துணியை மேலே உப்ப வைத்துவிடும். தையல் தெரிந்த சகோதரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் நடந்தது

1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு விமானம் பறப்பதைப் பார்த்தார்கள். அதை வடிவமைத்தவர் டி ஏஞ்சலிஸ். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். செய்து கொடுத்தது குதிரை வண்டிகளுக்குப் பெயர் போன சிம்சன் கம்பெனி.

நம் காலத்துக்கு வருவோம். கேரளத்தில் தொடுபுழாவுக்கு அருகே வாழும் சஜி தோமஸ் பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேச முடியாதவர். ஏழாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். மின்சாதனங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்த அவர், பல ஆண்டுகள் உழைத்து இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைத் தானே செய்தார். 2014 இல் தமிழ்நாட்டின் மணிமுத்தாறில் அது வானில் எழும்பியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். செய்தவர் சஜி. ஆனால் அதை ஓட்டிப் பார்த்தவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர். "நான் செய்தேன், நானே பறப்பேன்" என்று சஜி அடம்பிடிக்கவில்லை. அவருடைய அறிவு அதில்தான் தெரிகிறது.

சிறு விமானம் என்றால்?

அமெரிக்காவில் 2004 இல் வகுத்த விதிப்படி, இலகு ரக விமானம் என்பது இரண்டு ஆசனம், ஒரு எஞ்சின், ஆட்களோடும் எரிபொருளோடும் சேர்த்து 600 கிலோவுக்கு மேற்படாத நிறை, மணிக்கு 222 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் கொண்டது. 2025 இல் அந்த விதியைத் தளர்த்திப் பெரிய விமானங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அங்கே வீட்டில் செய்த விமானம் என்று பதிவதற்கு, வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகச் செய்பவரின் கையாலேயே நடந்திருக்க வேண்டும். பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டினாலும் பல நூறு மணி நேரம் பிடிக்கும்.

இங்கிலாந்தில் குடியேறிய கேரளத்து எஞ்சினியர் அசோக் தாமராட்சன், 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது தென்னாபிரிக்கப் பாகங்களை வைத்து நான்கு ஆசன விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். 2022 இல் அது பறந்தது. அதற்குத் தன் மகளின் பெயரை வைத்தார்.

மறந்துபோன வால்

ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸை நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறோம். உடலில் இறகுகளைப் போர்த்தி, இறக்கை கட்டி அவர் பறந்ததாகப் பிற்கால வரலாற்றாசிரியர் அல்-மக்கரி எழுதுகிறார். ஆனால் கதையின் பின்பாதியை நாம் சொல்வதில்லை. இறங்கும்போது அவர் முதுகில் பலத்த அடிபட்டது. காரணம்? பறவை இறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது. அவரோ வால் வைக்கவில்லை!

எழும்புவதைப் பற்றி யோசித்தவர் இறங்குவதை யோசிக்கவில்லை. விமானக் கலையின் முதல் பாடமே இதுதான்.

வால் மட்டும் போதாது. பாரமும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். தலையில் குடம் சுமக்கும் பெண்ணுக்கு இது தெரியும். குடம் சற்றே பின்னால் சரிந்தால் கழுத்து என்ன பாடுபடும்! விமானத்திலும் பாரம் பின்னுக்குப் போனால் மூக்கு நிமிர்ந்து, வேகம் குறைந்து, இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும். பிறகு மீட்பது கஷ்டம். அதனால்தான் மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைத்து நிறுத்துப் பார்த்துக் கணக்கெடுக்கிறார்கள். இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மணல் மூட்டைகளை அடுக்கியும் சோதிக்கிறார்கள். சாதாரணப் பாரத்தைப்போல் நான்கு மடங்கைத் தாங்கும்படி வடிவமைத்து, அதற்கும் மேலே ஒன்றரை மடங்கு இடம் வைப்பது வழக்கம். ஒவ்வொரு ஆணியையும் முறுக்கியபின் அதன் குறுக்கே சாயக் கோடு போடுகிறார்கள். கோடு விலகினால் ஆணி தளர்ந்துவிட்டது என்று பொருள். இறக்கையை மூடுமுன் அனுபவசாலி ஒருவரை அழைத்து உள்ளே பார்க்கச் சொல்கிறார்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பக்கத்து ஆசனத்தில் உட்காருபவரின் உயிர் ஓர் அமானிதம். "அல்லாஹ் காப்பான்" என்று சொல்லி ஓர் ஆணியை முறுக்காமல் விடுவது தவக்குல் அல்ல, அலட்சியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

விமானம் பட்டம் அல்ல. இலங்கையில் 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டம் இருக்கிறது. சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதியில்லாமல் எதையும் பறக்க விடக்கூடாது. 2008 ஆகஸ்டில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் குண்டு வீசியவையும் புலிகளின் சிறு விமானங்கள்தான். எனவே நம் கரையில் இரகசியமாக ஒரு விமானம் செய்வது பிள்ளையை ஆபத்தில் தள்ளும். ஆசை இருந்தால் வெளிப்படையாக, ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் தெரிய, எழுத்தில் கேட்டுச் செய்ய வேண்டும்.

உம்மாமார் செய்யக்கூடியது

பிள்ளையின் ஆசையைக் கேலி செய்யாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊக்கப்படுத்தவும் வேண்டாம். "கணக்குப் படி, அளந்து வெட்டப் பழகு, உன் வேலையை இன்னொருவர் பார்த்துக் குறை சொன்னால் கோபப்படாதே" என்று சொல்லுங்கள். மகளுக்கும் இதையே சொல்லுங்கள். உருது எழுத்தாளர் ஹிஜாப் இம்தியாஸ் அலி 1936 இலேயே விமானி உரிமம் பெற்ற முஸ்லிம் பெண்மணி.

இன்று அஸருக்குப் பிறகு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தடித்த தாளில் இறக்கையும் வாலும் உள்ள ஒரு விமானத்தை வெட்டி முற்றத்தில் எறியச் சொல்லுங்கள். மூக்கு நிமிர்ந்து பொத்தென்று விழும். மூக்கில் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகி மறுபடி எறியச் சொல்லுங்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்திப் பார்த்தால், ஓர் இடத்தில் அது அழகாக மிதந்து போய் மெல்ல இறங்கும். ஏன் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விதான் ஆரம்பம்.

நாம் பயந்து பார்த்த வானத்தை நம் பிள்ளைகள் அளந்து பார்க்கட்டும். இன்ஷா அல்லாஹ், பத்திரமாக இறங்கவும் கற்றுக்கொள்ளட்டும்.